கதிரை வெறுமையாக இருக்கக் கூடாது: காவல் சேவைத் தொழில் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் தனியார் காவல் நிறுவனங்கள் பற்றிய கேள்விகளை அனுப்பும்படி கேட்டிருந்தோம். காவலாளி வைத்திருப்போர், காவல் நிறுவனம் நடத்துவோர், காவலாளிகளின் குடும்பத்தார் என மூன்று தரப்பிலிருந்தும் கடிதங்கள் வந்தன. பலருக்குப் பொதுவான கேள்விகளை எடுத்திருக்கிறோம்.

கேள்வி: ஸ்ரான்லி வீதியில் கட்டடப் பொருள் கடையும் பின்னால் களஞ்சியமும் வைத்திருக்கிறோம். இரவு பகல் ஒரு காவலாளி வேண்டும். மூன்று கொம்பனிகளிடம் விலை கேட்டோம். 12 மணி நேர ஷிப்ட் ஒன்றுக்கு ஒருவர் 2,800 ரூபா சொன்னார், இன்னொருவர் 2,650, மூன்றாமவர் 1,900. மூன்றாமவரும் அதே சட்டை போட்ட காவலாளியைத்தானே அனுப்பப் போகிறார்? ஏன் கூடக் கொடுக்க வேண்டும்?
– வர்த்தகர், யாழ்ப்பாணம்

பதில்: ஒரு கடதாசியை எடுத்து எங்களோடு சேர்ந்து கணக்குப் போடுங்கள்.

இரவு பகல் ஓர் ஆள் என்றால் ஒரு நாளைக்கு 2 ஷிப்ட், 30 நாளுக்கு 60 ஷிப்ட். தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 2026 ஜனவரி முதல் மாதம் 30,000 ரூபா, நாளுக்கு 1,200 ரூபா. 12 மணி நேரத்தில் 8 மணி சாதாரண வேலை, 4 மணி மேலதிக வேலை என்று எளிமையாகப் பிரிப்போம். (காவல் தொழிலுக்குத் தனிச் சம்பளச் சபை இருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்துக்கான சரியான பிரிப்பை அதன் விதிகளில் பாருங்கள்.) மணிக்கு 150 ரூபா, மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்காக 225 ரூபா. ஆகவே ஒரு ஷிப்டுக்குச் சம்பளம் மட்டும் 1,200 உடன் 900, மொத்தம் 2,100 ரூபா. 60 ஷிப்டுக்கு 126,000.

இதற்கு மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனத்தின் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம். இரண்டும் மேலதிக நேரக் கொடுப்பனவு நீங்கலான 72,000 ரூபாவில் கணக்கிடப்படும், 10,800 ரூபா வரும். ஐந்து வருடம் முடித்தவருக்குக் கொடுக்க வேண்டிய பணிக்கொடைக்கு இப்போதே ஒதுக்க வேண்டியது 3,000. சம்பளத்துடனான லீவுக்கு இன்னொரு 3,000. சட்டை, சப்பாத்து, மழை அங்கி, ரோச் லைற் என்று தேய்ந்து போவதற்கு 3,000 என்று வைப்போம். மேற்பார்வையாளர் ஒருவரின் சம்பளமும் மோட்டார் சைக்கிளும் பெற்றோலும் மாதம் 90,000 என்றால், அவர் 15 இடங்களைப் பார்க்கும்போது உங்கள் பங்கு 6,000. அலுவலகம், அனுமதிப்பத்திரம், காப்புறுதி, வங்கி வட்டிக்கு 5,000. கூட்டினால் 156,800. ஆறு வீத இலாபம் வைத்தால் 166,208. அதை 60 ஆல் பிரித்தால் ஷிப்ட் ஒன்றுக்கு 2,770 ரூபா. பெறுமதி சேர் வரிக்குப் பதிந்த நிறுவனம் என்றால் அதன் மேல் 18 வீதம் வரும்.

இப்போது 1,900 ரூபாவைப் பாருங்கள். 60 ஷிப்டுக்கு 114,000. சட்டப்படியான சம்பளத்துக்கே 12,000 ரூபா குறைகிறது, மற்றச் செலவுகளுக்கு ஒரு சதமும் இல்லை. அந்தக் குறை எங்கோ ஓரிடத்தில் நிரப்பப்பட்டுத்தான் ஆக வேண்டும். வழக்கமாக நான்கு வழியில் நிரப்புவார்கள். பகல் நின்றவரையே இரவும் நிறுத்தி, மேலதிக நேரத்துக்குச் சாதாரண மணிக்கூலி கொடுப்பது. தொழிலில் இதை டபிள் என்பார்கள். சேமலாப நிதி கட்டாமல் விடுவது அல்லது சம்பளத்தின் ஒரு துண்டுக்கு மட்டும் கட்டுவது. சட்டைக்கும் சப்பாத்துக்கும் காவலாளியின் சம்பளத்திலேயே கழிப்பது. நாலாவது, 60 ஷிப்டுக்குப் பற்றுச்சீட்டு எழுதி 54 ஷிப்டுக்கு மட்டும் ஆள் அனுப்புவது. உங்கள் களஞ்சியத்துக்கு நேரடி ஆபத்து முதலாவதும் நாலாவதும். இருபது மணி நேரத்துக்கு மேல் நின்ற மனிதர் விடியப்புறம் மூன்று மணிக்கு மதிலோரச் சத்தத்தைக் கேட்கமாட்டார். அதற்கு அவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

2,650 சொன்னவரைத்தான் நாங்கள் கவனமாகப் பார்ப்போம். சம்பளம், நிதிகள், லீவு, பணிக்கொடை ஆகியவற்றில் நேர்மையான நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே செலவுதான். இந்த நான்கையும் கூட்டினால் வரும் 142,800 ரூபாவில் போட்டி போட இடமில்லை. மிச்சம் இருபத்து மூவாயிரம் சொச்சத்தில்தான் ஒருவர் மற்றவரை வெல்ல முடியும். பக்கத்தில் அவருக்கு வேறு ஐந்து இடங்கள் இருந்தால் மேற்பார்வைச் செலவு குறைந்திருக்கும், அது நல்ல காரணம். ஏன் குறைவு என்று நேரே கேளுங்கள். நல்ல நிறுவனம் கூட்டல் கழித்தலோடு காட்டும்.

ஒப்பந்தத்தில் மூன்று விடயங்களை எழுதுங்கள். ஒவ்வொரு மாதமும் சேமலாப நிதிக்குக் கட்டிய C படிவத்தின் பிரதி உங்களுக்கு வர வேண்டும். ஆள் இல்லாத ஷிப்டுக்கு அந்த ஷிப்டின் விலை மட்டுமல்ல, இரு மடங்கு கழிக்கப்படும். குறைந்தபட்சச் சம்பளம் சட்டப்படி கூடினால் விலையும் அந்த அளவுக்குக் கூடும். மூன்றாவது வாசகம் நிறுவனத்துக்குச் சலுகை போலத் தெரியும். ஆனால் 2025 ஏப்ரலில் 27,000 ஆன சம்பளம் ஒன்பது மாதத்தில் 30,000 ஆனது. விலையை இரண்டு வருடத்துக்குக் கட்டி வைத்தால் இடையில் வெட்டு விழுவது உங்கள் காவலாளியின் சம்பளத்தில்தான்.

கேள்வி: சுன்னாகத்தில் சிறிய காவல் கொம்பனி நடத்துகிறேன். 12 சைற், ஒவ்வொன்றிலும் ஒரு நேரத்தில் ஒருவர். கொழும்புப் பெரிய கொம்பனிகள் பெயரைச் சொல்லியே வங்கிகளையும் சுப்பர் மார்க்கெற்றுகளையும் எடுத்துவிடுகின்றன. பருத்தித்துறை, காரைநகர், பளை என்று எங்கே கேட்டாலும் போய் எடுப்பதா? வளர வேறு வழி உண்டா?
– நிறுவன உரிமையாளர்

பதில்: எங்கே கேட்டாலும் எடுப்பதுதான் சிறிய நிறுவனத்தை முறிக்கும். காரணம், உங்களிடம் வாடிக்கையாளர் வாங்குவது காவலாளியை அல்ல. காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் அந்தக் கதிரை வெறுமையாக இராது என்ற நிச்சயத்தைத்தான் வாங்குகிறார். அந்த நிச்சயத்தை எவ்வளவு குறைந்த செலவில் உண்டாக்குகிறீர்கள் என்பதே உங்கள் தொழில்.

ஒரு காவலாளி ஒரு ஷிப்டுக்கு வராமல் விடும் வாய்ப்பு இருபதுக்கு ஒன்று என்று வைப்போம். தனியே கிடக்கும் ஓர் இடத்தில் மாதம் 60 ஷிப்டில் 3 ஷிப்ட் ஓட்டை விழும். அந்த ஓரிடத்துக்கென்று ஒரு மாற்று ஆளைக் காத்திருக்க வைத்தால் சம்பளச் செலவு இரட்டிப்பாகும். இப்போது 12 இடங்களும் மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரத் தூரத்துக்குள் இருக்கின்றன என்று நினையுங்கள். காங்கேசன்துறை வீதியில் சுன்னாகம், மருதனார்மடம், இணுவில், கொக்குவில் என்று வரிசையாக. இந்த 12 பேரும் முழுமையாக வரும் ஷிப்டுகள் நூற்றில் 54. ஒருவர் மட்டும் வராதவை 34. இருவர் வராதவை 10. ஆகவே இரண்டு மாற்று ஆட்கள் தயாராக இருந்தால் நூற்றுக்கு 98 ஷிப்டுகளில் எல்லாக் கதிரையும் நிரம்பும். அதே 12 இடங்களும் நாலு நாலாக மூன்று திக்கில் கிடந்து, திக்குக்கு ஒருவராக மூன்று மாற்று ஆட்கள் வைத்தால் 96 தான் வரும். ஓர் ஆளுக்குக் கூடச் சம்பளம் கொடுத்தும் சேவை குறைவு. கொழும்பு நிறுவனத்துக்கு யாழ்ப்பாணத்தில் இரண்டு வங்கிக் கிளையும் கிளிநொச்சியில் ஒன்றும் வவுனியாவில் ஒன்றும் இருந்தால், பெயர் எவ்வளவு பெரிதானாலும் இந்தக் கணக்கில் அது உங்களைவிடச் சிறிய நிறுவனம்.

மேற்பார்வையிலும் இதே நிலைதான். ஓரிடத்தில் 10 நிமிடம், அடுத்த இடத்துக்கு ஓட 7 நிமிடம் என்றால் 12 இடத்தையும் பார்க்க 3 மணி 24 நிமிடம். ஓர் இரவில் இரண்டு சுற்று வரலாம், சுற்றின் திசையையும் மாற்றலாம். ஓட்டம் 25 நிமிடமானால் 12 இடத்துக்கு 7 மணி நேரம். ஒரே சுற்று, அதுவும் எல்லாரும் நேரத்தைக் கணித்துவிடும் சுற்று.

இந்தக் கணக்கில் ஒரு பொறி உண்டு. ஒருவர் வராமைக்கும் மற்றவர் வராமைக்கும் தொடர்பில்லை என்று எடுத்திருக்கிறோம். நம் ஊரில் அது எப்போதும் உண்மையில்லை. ஒரு செத்தவீட்டுக்கு ஒரே ஒழுங்கையில் மூன்று பேர் நிற்பார்கள். காலபோக விதைப்பு, அரிவு வெட்டு, தைப்பொங்கல், ஊர்க்கோயில் தேர் ஆகிய நாட்களில் எல்லாரும் சேர்ந்தே லீவு கேட்பார்கள். ஆகவே ஆட்களை ஒரே ஊரிலிருந்து அள்ளிச் சேர்க்காதீர்கள். வேலையிடத்துக்குச் சைக்கிளில் வரக்கூடிய தூரமாக இருக்கட்டும், ஆனால் நாலைந்து ஊராக இருக்கட்டும். மாதம் தொடங்க முன்னரே அடுத்த மாத லீவுக் கொப்பியை நிரப்புங்கள். பெருநாட்களில் நிற்பவருக்கு முன்கூட்டிச் சொன்ன ஒரு தொகையைக் கூடக் கொடுங்கள். அன்றைக்கு ஓர் இடம் வெறுமையாகி ஒப்பந்தம் போவதைவிட அது மலிவு.

ஷிப்ட் மாறும் நேரத்துக்கு எழுதப்பட்ட ஒழுங்கு வேண்டும். மாலை 6 மணி ஷிப்டுக்கு வருபவர் 5.15க்கு வீட்டிலிருந்து புறப்பட்டதும் ஒரு மிஸ்ட் கோல் கொடுக்க வேண்டும். 5.30 வரை கோல் வராவிட்டால் அலுவலகம் எடுக்கும். 5.40க்கும் பதில் இல்லையென்றால் மாற்று ஆள் புறப்படுவார். மாற்று ஆள் வந்து சேரும்வரை நிற்பவர் இறங்கக் கூடாது. அந்தக் காத்திருப்புக்குக் கால் மணிக்குக் கால் மணி கணக்கிட்டுப் பணம் கொடுக்க வேண்டும். இந்தப் பணத்தைக் கொடுக்காத நிறுவனங்களில் ஆள் 6.05க்குச் சட்டையைக் கழற்றிவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிடுவார், உட்பாதைகளில் கடைசி பஸ்ஸை விட்டால் அவருக்கு வீடு போக வழியில்லை.

வங்கி வேலை ஏன் கிடைக்கவில்லை என்பது வேறு கேள்வி. ஒரு வாடிக்கையாளரிடம் உள்ளே நுழையவே தேவையான தகுதிகள் சில, மற்றவரை முந்த உதவுபவை வேறு சில. வங்கிக்குக் காப்புறுதி, பாதுகாப்பு அமைச்சின் பதிவு, கணக்காய்வு செய்த கணக்கறிக்கை, எந்தக் கிளைக்கும் ஒரே தரத்தில் ஆள் என்பவை நுழைவுத் தகுதி. நீங்கள் அங்கே வாசலிலேயே நிற்பீர்கள். கட்டட வேலைத்தளத்தில் முந்த வைப்பது கேற் பதிவு. எத்தனை லோட் மணல் வந்தது, எத்தனை கம்பி வெளியே போனது என்பதைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த ஆள் அங்கே தங்கம். தனியார் வைத்தியசாலையில் பார்வையாளர் நேரத்து நெரிசலைக் கோபப்படாமல் கையாளுவது, பெண் காவலாளி இருப்பது. ரியூசன் நிலையத்தில் பெற்றோரோடும் பிள்ளைகளோடும் பேசும் விதம். இந்த வேலைகளுக்கு ஒரே ஆளைத் தேர்ந்தெடுக்கவோ ஒரே பயிற்சி கொடுக்கவோ முடியாது. இரண்டு வகையைத் தெரிந்து அவற்றில் ஆழமாகப் போங்கள். காசு ஏற்றி இறக்கும் வேலை கேட்டு வந்தால் மறுத்துவிடுங்கள். அதன் வாகனமும் காப்புறுதியும் பயிற்சியும் முழுக்க வேறு தொழில்.

கடைசியாகக் கைக்காசு. மேலே கண்ட 126,000 ரூபாச் சம்பளத்தோடு நிதிகளுக்கான 10,800ஐக் கூட்டினால் ஓரிடத்துக்கு மாதம் 136,800. 12 இடத்துக்கு 16 இலட்சத்து 41 ஆயிரத்து 600. சம்பளம் பத்தாம் திகதி கொடுத்தாக வேண்டும். வாடிக்கையாளர் 60 நாள் கழித்துக் காசு தந்தால், எப்போதும் 33 இலட்சம் வரை வெளியே நிற்கும். இன்னும் ஐந்து இடம் எடுத்தால் இன்னொரு 14 இலட்சம் வரை வேண்டும். இலாபத்தில் ஓடும் நிறுவனம் சம்பளம் பிந்தி விழுவது இப்படித்தான். சம்பளம் ஒரு வாரம் பிந்தினால் நல்ல காவலாளி அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடுவார், பின்னர் மேலே சொன்ன வராமைக் கணக்கு முழுவதும் குலையும். ஆகவே புதிய இடத்தை விலையைப் பார்த்து எடுக்காதீர்கள். எத்தனை நாளில் காசு தருவார், உங்கள் வட்டத்துக்குள் இருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்து எடுங்கள்.

கேள்வி: எங்கள் விடுதியின் இரவுக் காவலாளி சுற்றி வந்ததாகக் கொப்பியில் மணிக்கொரு தரம் கையெழுத்து வைக்கிறார். ஆனால் பின் வளவில் இரண்டு முறை களவு போய்விட்டது. போனில் தட்டிப் பதியும் முறை நல்லதா?
– விடுதி முகாமையாளர், நல்லூர்

பதில்: நல்லது, சரியாகப் பொருத்தினால். மணிக்கொரு தரம் என்று கொப்பியில் இருப்பதே குறைதான். களவெடுப்பவர் மதிலுக்கு வெளியே ஓர் இரவு நின்றால் இடைவேளை எப்போது என்று தெரிந்துகொள்வார். சுற்றுக்கு நேரம் வைக்காமல் நேர இடைவெளி வையுங்கள். 10க்கும் 11.30க்கும் இடையில் ஒரு முறை, 11.30க்கும் 1க்கும் இடையில் ஒரு முறை என்று. எந்த நிமிடம் என்பது காவலாளியின் தெரிவு.

என்.எப்.சி. எனப்படும் சிறு வட்டச் சில்லுகளைச் சுவரில் ஒட்டி, போனைக் கிட்டக் கொண்டுபோனால் நேரம் பதியும். எட்டு இடம் போதும். வாசல், வரவேற்பறை போன்ற இடங்களுக்கு வீணாக்காதீர்கள், அங்கே அவர் எப்படியும் நிற்பார். பின் படலை, ஜெனரேற்றர், எரிவாயு சிலிண்டர் வைக்கும் இடம், மொட்டை மாடிக் கதவு, தண்ணீர் மோட்டார், மதிலின் இருண்ட மூலை போன்ற இடங்களில் வையுங்கள். இரும்புக் கதவில் சாதாரணச் சில்லை ஒட்டினால் போன் வாசிக்காது, உலோகத்துக்கென்று பின்பக்கத்தில் பெரைற் படலம் வைத்த வகை வேண்டும். வெயில் படும் இடத்தில் ஒட்டுப்பசை விட்டுப்போகும், ஆகவே துளைபோட்டு ஆணி அடிக்கும் வகையை வாங்குங்கள். இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சில்லுகளை உரித்தெடுத்து மேசை லாச்சிக்குள் வைத்து, இருந்த இடத்திலிருந்தே எட்டையும் தட்டுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. அதைக் கண்டுபிடிப்பது சுலபம். நடந்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம் எடுக்கும் தூரத்தில் ஐந்து விநாடி இடைவெளி பதிந்திருக்கும். பணம் மிச்சம் பிடிக்க கியூ.ஆர். படம் ஒட்டுபவர்கள் உண்டு. அதைப் போட்டோ எடுத்து வைத்து வீட்டிலிருந்தே தட்டலாம்.

காலையில் அறிக்கையைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் இதை வாங்க வேண்டாம். பார்ப்பவர் 2 மணிக்கும் 4 மணிக்கும் இடைப்பட்ட பகுதியை மட்டும் பார்த்தாலே போதும், குறை அங்கேதான் விழும். விழுந்ததும் தண்டிக்க ஓடாமல் காரணத்தைக் கேளுங்கள். பின் வளவில் நாய், லைற் எரியாமை, பாம்புப் பயம் என்று பல காரணம் வரும். ஒரு லைற் போட்டால் தீர்கிற பிரச்சினைக்கு ஆளை மாற்றிப் பயனில்லை.

கேள்வி: காவலாளிக்குக் கொடுக்கும் காசுக்கு நாலு சிசிரிவி கமரா பூட்டினால் போதாதா?
– கடை உரிமையாளர், சாவகச்சேரி

பதில்: கமரா நடந்ததைக் காட்டும், நடப்பதைத் தடுக்காது. சிறிய கடைக்கு இரவு முழுவதும் ஓர் ஆள் என்பது கட்டுப்படியாகாது என்பதும் உண்மை. நடுவழி ஒன்று உண்டு. கமராவோடு கதவு திறந்தால் அலாரம், அலாரம் அடித்தால் பார்க்க ஓர் ஆள், பார்த்ததும் புறப்பட ஒரு மோட்டார் சைக்கிள். இதை விற்கும் நிறுவனத்திடம் கேட்க வேண்டியது கமராவின் தரமல்ல, அந்த மோட்டார் சைக்கிள் இரவில் எங்கே நிற்கும் என்பது. பத்து நிமிடத்துக்குள் வராவிட்டால் வந்து பயனில்லை. யாழ்ப்பாணத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிள் சாவகச்சேரிக்குப் பத்து நிமிடத்தில் வராது.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம். ஒரு கமரா விநாடிக்கு 2 மெகாபிற் பதிந்தால் நாளுக்கு ஏறத்தாழ 21.6 ஜிபி, நாலுக்கும் 86 ஜிபி. ஒரு ரெறாபைற் டிஸ்க் 11 நாளில் நிறைந்து பழையதன் மேல் எழுதத் தொடங்கும். மாத முடிவில் சரக்கு எண்ணும்போது களவு தெரியவந்தால் படம் இருக்காது, ஆகவே 3 ரெறாபைற்றாவது போடுங்கள், ஒரு மாதம் நிற்கும். யூ.பி.எஸ்ஸில் பதிவுப்பெட்டியை மட்டும் கொழுவி இணைய றவுற்றரை மறப்பது பொதுவான பிழை. கரண்ட் போனதும் பதிவு நடக்கும், ஆனால் உங்கள் போனுக்கு ஒன்றும் வராது. 12 வோல்ற் 7 அம்பியர் மணிப் பற்றறி ஒன்று 50 வற் சுமையை ஒரு மணி நேரம் தாங்கினாலே பெரிய விடயம், அதுவும் புதிதாக இருக்கும்போது. இரவில் கமராவின் அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், வலை அசையும்போதெல்லாம் அலாரம் அடிக்கும். மூன்றாம் நாள் நீங்களே அலாரத்தை நிற்பாட்டிவிடுவீர்கள். வாரம் ஒருமுறை ஒட்டடைக் கம்பால் தட்ட ஓர் ஆளை நியமியுங்கள். கடற்கரையோரக் கடைகளில் இணைப்பிகள் உப்புக்காற்றில் துருவேறும், அவற்றை மூடிய பெட்டிக்குள் வையுங்கள்.

கேள்வி: புதிதாக ஒரு தனியார் வைத்தியசாலையின் காவலை எடுத்தோம். முதல் இரண்டு கிழமையும் முறைப்பாடு மேல் முறைப்பாடு. ஆட்கள் அனுபவசாலிகள்தான். எங்கே பிழை?
– மேற்பார்வையாளர், மானிப்பாய்

பதில்: அனுபவசாலிக்கும் அந்த இடம் புதிது. பொறுப்பேற்க முதல் மூன்று நாள் உங்கள் ஆட்கள் பழைய நிறுவனத்தாரோடு கூட நிற்க வேண்டும். பழைய நிறுவனம் விடாது என்றால் வைத்தியசாலை நிர்வாகத்தோடாவது நடந்து பார்க்க வேண்டும். அந்த மூன்று நாளின் செலவை விலையிலேயே சேர்த்திருக்க வேண்டும், பெரும்பாலும் சேர்ப்பதில்லை.

அந்த இடத்துக்கென்று கட்டளைத் தாள் ஒன்று இரண்டு பக்கத்துக்கு மேற்படாமல், பெரிய எழுத்தில், தமிழில் இருக்க வேண்டும். கொழும்புத் தலைமையகத்திலிருந்து ஆங்கிலத்தில் வரும் நாற்பது பக்கக் கொப்பியை யாரும் வாசிப்பதில்லை. அதில் இருக்க வேண்டியவை அந்த இடத்தின் உண்மையான கேள்விகள்: பார்வையாளர் நேரம் முடிந்த பின் நோயாளியின் அம்மா வந்தால் யாரைக் கேட்பது, அம்புலன்ஸ் வரும் வழியில் வான் நிறுத்தினால் என்ன செய்வது, பிரேத அறைத் திறப்பு யாரிடம், எந்த வைத்தியரின் காரை முன்னால் விடலாம், தீ என்றால் முதலில் எந்த வால்வு. திறப்புகளை எண்ணி, இலக்கமிட்டு, கையெழுத்து வாங்குங்கள். முதல் மாதத்தில் ஆட்களை மாற்றவே வேண்டாம். தாதியர் முகம் பழகிவிட்டால் முறைப்பாட்டில் பாதி வராது.

கேள்வி: அப்பா ஒரு காவல் கொம்பனியில் ஆறு வருடமாக வேலை. பல நாள் 24 மணி நேரம் தொடர்ந்து நிற்கிறார். சம்பளத் துண்டு தருவதில்லை. கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறார். என்ன செய்யலாம்?
– மகள், தென்மராட்சி

பதில்: அப்பாவைச் சண்டைக்குப் போகச் சொல்லாதீர்கள். முதலில் சேர்க்க வேண்டியது ஆதாரம். ஒரு கொப்பியில் திகதி, இடம், ஏறிய நேரம், இறங்கிய நேரம், கையில் கிடைத்த பணம் ஆகியவற்றை ஒவ்வொரு நாளும் எழுதட்டும். நியமனக் கடிதம், அடையாள அட்டை, சட்டையோடு எடுத்த படம், பணிப்பட்டியல் வந்த வட்ஸ்அப் செய்தி எல்லாம் ஆதாரம்தான், அழிக்க வேண்டாம்.

பிறகு தேசிய அடையாள அட்டையுடன் தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போய், அவர் பெயரில் சேமலாப நிதி கட்டப்படுகிறதா என்று கேளுங்கள். இது முறைப்பாடு அல்ல, தன் கணக்கைப் பார்ப்பது அவருடைய உரிமை. 30,000 ரூபாச் சம்பளத்துக்கு அவரிடம் கழிப்பது 8 வீதமாக 2,400, நிறுவனம் போட வேண்டியது 3,600, மொத்தம் மாதம் 6,000 அவர் கணக்கில் சேர வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிறுவனம் தன் கையிலிருந்து 900 கட்ட வேண்டும், அதை அவரிடம் கழிக்கவே கூடாது. அடுத்த மாத முடிவுக்குள் இவை கட்டப்பட்டிருக்க வேண்டும். சம்பளத்தில் 8 வீதம் கழித்துவிட்டு நிதிக்குக் கட்டாமல் இருப்பது சட்டப்படி குற்றம்.

ஆறு வருடம் என்பதால் இன்னொன்றையும் தெரிந்து வைத்திருங்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, வேலையை விடும்போது வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை உண்டு. அவராக விலகினாலும் உண்டு. கோபத்தில் ஒரு வெற்றுத் தாளில் கையெழுத்து வைத்துவிட்டு வந்தால் அதை நிரூபிப்பது கடினமாகும்.

வேலை போகும் பயம் நியாயமானது. ஆனால் ஆறு வருடம் நின்ற, ஊர் தெரிந்த ஒருவரை இப்போது யாழ்ப்பாணத்தில் பல நிறுவனங்கள் தேடுகின்றன. மாறுவதாக இருந்தால் புதிய நிறுவனத்தில் மூன்றைக் கேட்கட்டும்: பாதுகாப்பு அமைச்சின் இந்த வருடப் பதிவு இருக்கிறதா (1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி அது கட்டாயம், வருடந்தோறும் புதுப்பிக்க வேண்டும்), சம்பளத் துண்டு தருவார்களா, மாற்று ஆள் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள். மூன்றாவதற்கு இலக்கமாகப் பதில் வராவிட்டால் அங்கேயும் டபிள்தான்.

கேள்வி: நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வாகனத் தரிப்பிடங்களுக்கும் கடைகளுக்கும் ஆள் கேட்கிறார்கள். நல்ல காசு. நிரந்தர இடங்களிலிருந்து ஆட்களை எடுத்து விடலாமா?
– சிறு நிறுவனம் நடத்துபவர், கோண்டாவில்

பதில்: வேண்டாம். திருவிழா 25 நாள், நிரந்தர வாடிக்கையாளர் 12 மாதம். அந்த 25 நாளுக்குத் தனியாக ஆள் சேருங்கள். உயர்தரம் முடித்து இருப்பவர்கள், ஓய்வுபெற்றவர்கள், வேறு வேலை செய்து மாலையில் மட்டும் வரக்கூடியவர்கள். மாலை 3 மணியிலிருந்து இரவு 10 மணிவரை என்று சிறு ஷிப்டாகப் பிரித்தால் வருவார்கள். கிராம அலுவலர் சான்றிதழையும் பொலிஸ் அறிக்கையையும் கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் முதலே கேளுங்கள், கடைசி வாரத்தில் கிடைக்காது. தரிப்பிடத்தில் இரட்டைத் துண்டுச் சிட்டை, கயிறு, இரவில் ஒளிரும் அங்கி, ஒவ்வொரு வரிசைக்கும் இலக்கப் பலகை இருந்தால் புதியவர்களே சமாளிப்பார்கள். உங்கள் பழைய ஆட்களில் இருவரை மட்டும் பொறுப்பாக நிறுத்துங்கள், அதுவும் மாற்று ஆட்களின் எண்ணிக்கை குறையாதபடி. தேர், தீர்த்தம் இரண்டு நாளும் புதிய வேலை எதையும் ஏற்க வேண்டாம். அந்த இரண்டு நாளும் உங்கள் நிரந்தரக் காவலாளிகளே லீவு கேட்டு வருவார்கள்.